கத்தி குத்தாத பாம்பு

பெட்டி குழிக்குள்ள பாதி இறங்கினப்புறம்தான் ஹுனேரோவுக்கு உறைச்சுது. கத்தி. பெட்டிக்குள்ள எழுதுன பாம்பு முதுகுல கத்தி வரையல.

கயிறு கரகரன்னு இறங்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் கயித்தப் பிடிச்சிருந்த அண்ணன் காஹா, "ஏய் எழுத்தாளி, மயங்கி உள்ள விழுந்துடாத. உன் சைஸுக்குப் பெட்டி செய்ய ஊர்ல மரம் இல்ல"ன்னான். மத்த நாளா இருந்தா இவளும் சுடச்சுடத் திருப்பிக் குடுத்திருப்பா. இன்னைக்கு இறங்குற பெட்டியவே பாத்துட்டு நின்னா.

பெட்டிக்குள்ள தம்பி இபி இருக்கான். நாலு வயசு. காய்ச்சல்ல போயிட்டான். ராஜாக்களோட கல்லறைச் சுவத்துல படம் எழுதுற அப்பாவுக்கு, சொந்தப் பிள்ளையோட பெட்டியில ஒரு கோடுகூட இழுக்க வரல. "நீ எழுதும்மா, எங்கிட்ட கத்துக்கிட்டதுதானே"ன்னு தூரிகைய அவகிட்ட குடுத்துட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு. அந்தத் தெருவுல பதினாலு வயசுல பெட்டி எழுதுன பொண்ணு வேற யாரும் இல்ல.

ரொட்டி வரைஞ்சா, அத்திப்பழம் வரைஞ்சா, ஒரு வாத்து வரைஞ்சா. வரைஞ்சதெல்லாம் செத்தவங்க உலகத்துக்குப் போனதும் உசிராயிடும், பிள்ளை பசியா இருக்க மாட்டான். அதனாலயேதான் படம் படமா எழுதுற மந்திர எழுத்துல வர்ற பாம்ப மட்டும் முழுசா விடக்கூடாது. முதுகுல சிவப்பா ஒரு கத்தி குத்தி வைக்கணும். கல்லுச் சில்லுல எழுதிப் பழகுற வயசுலயே அப்பா சொல்லிக்குடுத்தது.

ஆனா அந்தப் பாம்பு அவ்வளவு அழகா வந்துடுச்சு. ஒரே இழுப்பு. வெள்ளம் வடிஞ்சப்புறம் சேத்துல தண்ணி வளைஞ்சு போன தடம் இருக்குமே, அந்த மாதிரி. அப்பா ஒரு தடவ எட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் குத்திக்கலாம்னு விட்டா. அப்பா பாக்கவே இல்ல. மூடி போட்டு ஆப்பும் அடிச்சுட்டாங்க.

அம்மா தலையில புழுதிய வாரிப் போட்டு அழுது அழுது, இப்பதான் மூச்சு சீரா விடுறா. திறங்கன்னு சொன்னா அந்தச் சின்னத் துணிப்பொதிய அவ மறுபடி பாக்கணும். சொல்லலன்னா? வாத்து அங்க வாத்தாகும்னா, பாம்பும் பாம்பாகும்.

வெயில்ல மலையெல்லாம் பால்ல கரைஞ்ச மாதிரி மிதந்துச்சு. பொம்பளைங்க அழுற சத்தம் தண்ணிக்கடியில இருந்து வர்ற மாதிரி கேட்டுச்சு. அவ கால் தானா நடந்து போய் அப்பா பக்கத்துல நின்னுச்சு.

"அப்பா. பாம்ப முழுசா விட்டுட்டேன்."

அவர் திட்டல. காஹாவப் பாத்து கைய மட்டும் தூக்குனாரு. கயிறு நின்னுச்சு. அம்மா காதுல விழாதபடி குனிஞ்சு மெதுவா கேட்டாரு.

"பாம்புத் தலை எந்தப் பக்கம்மா? கால் பக்கம்னா காவலுக்குக் கிடக்கும், விட்டுடலாம். அவன் முகத்துப் பக்கம்னா திறந்தாகணும்."

"அப்பா, கை வலிக்குது," காஹா சொன்னான். "விடவா?"

தலைய எந்தப் பக்கம் எழுதினோம்னு ஹுனேரோ கண்ண மூடி நினைச்சுப் பாத்தா. உள்ள இருட்டு, சுடு ரொட்டி வாசம். வாத்து றெக்கைய உதறிக்குது. பெட்டிப் பலகையில இருந்து பாம்பு மெள்ள உரிஞ்சு வந்து, அவ இழுத்த அதே வளைவுல அசையுது. இபி தூக்கத்துல புரள்றான். பாம்பு தலையத் தூக்குது.

எந்தப் பக்கம்?