பெட்டிக்குள் அடைந்த தவிடு

வில்லியனூர் அரிசி மில்லில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து அதற்குக் காவல் செல்லப்பன்தான். மூட்டை சுமந்து நடுமுதுகு போனவனை, நாலெழுத்து படிக்கப் பழகிவிட்டானே என்று முதலாளி தெய்வநாயகம் ஆபீஸ் அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார். அந்த ஸ்டூல் போனால் மறுபடி மூட்டைதான். அவன் முதுகு அதைத் தாங்காது என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அரவை. பறந்து வரும் தவிட்டை மேலாகத் துணியால் தட்டிவிடுவான். பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியே உள்ளே போனதை என்ன செய்வது? உள்ளே விசிறி, சளி கட்டிய நெஞ்சு மாதிரி இழுத்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மிஷின், மோட்டார், தராசு எல்லாம் கழுவித் துடைத்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பொட்டிக்குள்ள தவுடு அடைஞ்சிக் கெடக்குது மொதலாளி. தொறந்து தட்டட்டுமா?"

"கெட்டுப்போச்சினா உங்கப்பனா வாங்கித் தருவான்? பாண்டியிலேருந்து ஆளு வருவான்."

"எப்ப வருவாருங்க?"

"வரும்போது வருவான்டா."

கணக்கர் நாகராஜன் சிரித்தார். "செல்லப்பன் இன்ஜினியர் ஆயிட்டான்பா!"

மறுநாள் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. திரையில் எழுத்து மினுங்கினால்தான் லட்சணம் என்று ஓடவிட்டே வைத்து, மேலே பட்டுத் துண்டையும் போர்த்தினார் முதலாளி. "நாளைக்குப் பூ எடுக்கிற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது. செல்லப்பா, பாத்துக்க."

மத்தியானம் மில் அடங்கிக் கிடந்தது. விசிறியின் இழுப்பு நின்றுபோனதை அவன்தான் கேட்டான். கிட்டே போனால் உலைமூடிச் சூடு. பின்னாலேயே கருகல் வாடை.

தெருக்கோடியில் இருந்த முதலாளி வீட்டுக்கு ஓடினான். வாசலில் முதலாளியின் மனைவி கோகிலாம்பாள் அம்மாள் மறித்தாள்.

"அவரு இப்பதான் படுத்தாரு. இன்னாடா?"

"பொட்டி கருகுதும்மா. நிறுத்திடட்டா?"

"சாம்பிராணி வாசனையா இருக்கும். சாமிக்கு வெச்சதைத் தொட்டுத் தொலைக்காத. வூட்டுக்கு ஆவாது."

திரும்பி வந்தான். வாடை கூடியிருந்தது. தொட்டாலும் போச்சு, தொடாவிட்டாலும் போச்சு. "அம்மா தாயே" என்று முனகி மாலையைக் கழற்றினான், துண்டை இழுத்தான், ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே நெருப்பு கனல்கிறதோ என்ற பயத்தில் மிஷின் ஸ்குரூடிரைவரால் மூடியைத் திறந்தான். பஞ்சு மெத்தையாகத் தவிடு. விரலால் தோண்டினான். குனிந்து வாயால் ஊதினான், மூச்சு முட்ட முட்ட. ஊதிய வேகத்தில் எச்சில் தெறித்ததைக் கண்டு நடுங்கி, வேட்டி நுனியால் ஒற்றினான்.

காலையில் முதலாளி தரையில் கிடந்த மாலையைத்தான் முதலில் பார்த்தார். நாகராஜன் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டார்.

"நேத்தே கருகிச்சி மொதலாளி... சாமி சத்தியமா..."

"தொடாதன்னு சொன்னேன்." முதலாளி குரலை உயர்த்தவேயில்லை. "மூட்டைக்கே போ."

தவிடு கொன்றதா, தன் எச்சில் கொன்றதா? அவனுக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சத்தியம் செய்வது?

வாசலில் ஏம்பலத்து நெல் வண்டி நின்றது. வண்டிமேல் நின்று மூட்டை ஏற்றிவிடும் ராமு இவனைப் பார்த்துத் திகைத்தான்.

"அண்ணே, நீயா? முதுவு தாங்குமா?"

செல்லப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

"ஏத்துடா."