ஒன்றரை அடி

விசாரணை அறையில் அதிகாரி கையேட்டை அவள் பக்கம் தள்ளி, நாற்பத்தோராம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அவளே எழுதிய வரிதான். “அருகருகே உள்ள பொருள்கள் தொலைவில் ஒன்றாகத் தெரியக்கூடும்.” படிக்கும்போது குரல் பிசிறவில்லை.

சிறிய படகுகளுக்கான ரேடார் அது. வடிவமைத்தவள் அவள். முதலில் நாலடி ஆண்டெனா வைத்துத்தான் வரைந்தாள். அதைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டும், தாங்கக் கனத்த கம்பம் வேண்டும். “சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம்னா எவன்மா வாங்குவான்?” என்றார் முதலாளி. ஒன்றரை அடியாக வெட்டினாள். விலை மூன்றில் ஒரு பங்கானது. ஆனால் ஆண்டெனா குட்டையானால் அது வீசும் அலை அகலமாக விரியும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பொருள் திரையில் ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க வேண்டும், அவள் தொழிலே அதுதான்.

முதல் ரேடாரை அவள் தம்பியின் மீன்பிடிப் படகிலேயே மாட்டினார்கள். படமெடுக்க ஆள் வந்திருந்தான். முதலாளி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“மூடுபனியில துறைமுக வாய் தெரியுமாக்கா?” என்று கேட்டான் தம்பி.

“தெரியும்டா. கண்ண மூடிக்கிட்டு வா.”

அவனும் அக்கா பேச்சை நம்பித்தான் வந்தான். விடிந்தும் விலகாத பனி. துறைமுக வாயின் இருபுறக் கற்சுவர்களும் திரையில் இடைவெளியே இல்லாமல் ஒரே சுவராக நின்றன. வாயைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துப் படகைத் திருப்பினான். பாறையில் மோதியது. முனையில் நின்றிருந்த மச்சான், அவன் மனைவியின் ஒரே அண்ணன், படகுக்கும் பாறைக்கும் நடுவே விழுந்தான். உடலைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை.

“இந்த நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கறத உங்க தம்பிகிட்ட நேர்ல சொன்னீங்களா?” என்றார் அதிகாரி.

பின்வரிசையில் முதலாளி தொண்டையைச் செருமினார்.

“சொன்னேன்.”

மனைவியோடு உட்கார்ந்திருந்த தம்பியை அதிகாரி பார்த்தார். தம்பி அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஏதோ கணக்குப் புரியாத பிள்ளைபோல் பார்த்தான்.

“சொல்லிருப்பாங்க சார்.”

“இருப்பாங்களா, சொன்னாங்களா?”

“சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல.”

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இத்தனை நாளும் பெற்றவர்களிடம் புருஷனை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டவள் தம்பியின் மனைவி. அவள் இப்போது மெல்ல எழுந்தாள். கணவனின் முழங்காலில் புடவை படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனைக் கடந்து வந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி.”

கணவனின் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். ரவிக்கை நனைந்து தோலில் ஒட்டியது. அந்தப் பக்கம் தம்பி, மனைவி எழுந்துபோன நாற்காலியின் மேல் கையை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.