தொடரவும் என்ற முத்திரை

ராணுவத் தேர்வு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைச் சின்னவள் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். பதிமூன்று வயதுக்குப் பிறகு மூச்சிரைப்புக்கு மருந்து எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு அவள் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். வட்டார மருத்துவமனைப் பதிவேடோ, சென்ற மாதம் வரை அவள் பெயரில் இன்ஹேலர் வாங்கப்பட்டதாகச் சொல்கிறதாம். பத்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. பொய் சொன்னவர் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

சிறு வயதில் அவளுக்கு இரைப்பு இருந்தது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘விசில்’ என்றே பெயர். பதினோரு வயதில் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இரண்டு வருடமாக விடியற்காலையில் ஓடுகிறாள். உடல் தகுதித் தேர்வில் அவள் ஊதிய ஊதலில் கருவியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. அப்படியிருக்க யார் செய்த வேலை இது?

முதலில் அத்தைமேல் சந்தேகம் விழுந்தது. அப்பாவின் அக்கா, கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள். சீருடை போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டவள். “ஏதோ தபால் வந்துச்சாமே?” என்று அவள் விசாரித்ததும் சந்தேகத்துக்குக் கொம்பு முளைத்தது. மறுநாள் ஒன்றும் கேட்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், வாலும் முளைத்தது.

மூன்றாம் நாள் சின்னவள் மருத்துவமனைக்கே போனாள். மருந்து கொடுப்பவர் அவள் பெயரிலிருந்த மஞ்சள் மருந்து அட்டையின் நகலை எடுத்துப் போட்டார். மூலையில் ஆறு வயது விசிலின் படம். அதன் குறுக்கே பழைய டாக்டர் அடித்த ‘தொடரவும்’ என்ற முத்திரை. அந்த முத்திரை விழுந்துவிட்டால் அந்த மருத்துவமனையில் யாரும் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டு ஆள் யாராவது அட்டையை நீட்டினால் மருந்து வரும். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். முத்திரை மட்டும் தொடர்ந்துகொண்டிருந்தது.

“அட்டை வந்துச்சு, மருந்து போச்சு. கொழந்தை வளர்ந்துச்சான்னு நானா அளந்து பாக்கணும்?” என்றார் அவர்.

மருந்து வாங்கிய தேதிகளைக் கடிதத்தின் முதுகில் எழுதிக்கொண்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று கைபேசி நாள்காட்டியோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் செவ்வாய்க்கிழமை. ரொட்டித் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வார விடுமுறை செவ்வாய்.

அட்டை அம்மாவின் தகரப் பெட்டியில்தான் இருக்கும். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! ஓடப் போகும்போது தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்த கையே குழியும் பறித்ததா? தேதிகள் ஏழு வருடத்துக்கு முன்பே தொடங்குகின்றன, அப்போது ராணுவம் என்ற பேச்சே வீட்டில் இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கோபத்துக்குக் கணக்கு வராது.

அன்று மாலை மூன்றாம் மாடியில் தங்கள் வீட்டு வாசல் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று கீழே கவனித்தாள். அம்மா இரண்டாம் மாடி வரை வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவி தேட ஆரம்பித்தாள். தினமும் தேடுவதுதான். ஆனால் மகள் வீட்டில் இருக்கும்போது கதவு பூட்டியிருக்காது என்று அம்மாவுக்குத் தெரியாதா?

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டது, அந்த மெல்லிய விசில். அம்மா சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்த இன்ஹேலரை வாயில் வைத்திருந்தாள்.

“யாருக்கும்மா இது?”

அம்மா மூச்சை அடக்கி, மெல்ல விட்டு, மூடியைப் போட்டாள். “உனக்குத்தான். அட்டையில அப்படித்தானே இருக்கு.”

பிறகு படியில் உட்கார்ந்து சொன்னாள். மாவுப் பிரிவில் வருடத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார்களாம். இரைப்புள்ளவர்களை, உன் நல்லதுக்குத்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பரிசோதிக்க வருவதும் இதே மருத்துவமனை ஆட்கள்தான். சொந்தப் பெயரில் அட்டை போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்பா போன பிறகு அந்த வேலைதானே வீடு. பரிசோதனை நாளில் வாசலிலேயே இரண்டு முறை உறிஞ்சிவிட்டு உள்ளே போவாளாம்.

“நான் போகக் கூடாதுன்னு நீ செஞ்சேன்னு நெனச்சேன்,” என்றாள் சின்னவள்.

“நெனப்ப. எனக்கு முன்னால உங்க அத்தையையும் நெனச்சிருப்ப.”



அடுத்த செவ்வாய் இருவரும் தேர்வு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ராணுவ டாக்டர் முன்னால் நின்றார்கள். அம்மா தன் கைப்பட எழுதிய வாக்குமூலத்தை நீட்டினாள். அவர் பாதி முகத்தால் சிரித்தார்.

“எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தங்க, நாய்க்கு வாங்கினேன்னாங்க.” கருவியை அம்மாவிடம் தள்ளினார். “ஊதுங்க. நடிக்காம ஊதுங்க.”

ஏழு வருடமாக நல்ல மூச்சுக்காரியாக நடித்தவள் முதல் முறையாக நடிக்காமல் ஊதினாள். முள் பாதிக்குக்கூட ஏறவில்லை. அவர் நம்பாமல் மூன்று முறை ஊத வைத்தார். முதுகில் குழலை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தார். அதன் பிறகு சின்னவளைப் படிக்கட்டில் நான்கு தடவை ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு வாங்கும்போதே ஊதச் சொன்னார். முள் கடைசிக் கோட்டைத் தொட்டது.

“அம்மாவுக்கு இருக்கு. உனக்கும் உள்ள தூங்கிட்டிருக்கலாம்,” என்று முணுமுணுத்தபடியே ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“நான் எழுதின தாள் வேற எங்கயாவது போகுமா சார்?” என்று அம்மா கேட்டாள்.

“இங்கயேதாம்மா இருக்கும்.” சொன்னவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது முதல் மாடித் திருப்பத்தில் அம்மா நின்றாள். சாவி தேடவில்லை. ஏறி வருகிறவர்கள் பார்க்கப் பார்க்கக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மருந்தை உறிஞ்சினாள்.

“அவர் நிமிரல, கவனிச்சியா?”

“கவனிச்சேம்மா.”

“அப்ப தாள் எங்க கம்பெனிக்குப் போயிடும். அதுக்கு முன்னால நாளைக்கே என் பேர்ல அட்டை போட்டுடறேன். பாக்கிங் பக்கம் மாவு பறக்காது, அங்க மாத்துங்கன்னு நானே கேட்டுடறேன். தந்தா தரட்டும்.”

தராவிட்டால் என்று கேட்க வந்த சின்னவள் எதற்கோ மேலே பார்த்தாள். இரண்டாம் மாடிக் கைப்பிடியில் குனிந்து நின்று, இருவரில் யார் மருந்து உறிஞ்சுகிறார்கள் என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.