முந்தி விழுந்தவர்

கனடாவில் விட்பிக்கு வடக்கே, அறுத்த சோளவயலொன்றில், படப்பிடிப்புக்காக ஓர் ஐரிஷ் ஊரைப் பலகையில் கட்டியிருந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான். கிளர்ச்சிக்காரர் வேடத்தில் நாற்பது பேர் ரப்பர் முனை வைத்த ஈட்டிகளோடு குளிரில் காத்து நின்றார்கள். அவர்களில் கஸ்பரின் முகத்தில் மட்டும் கூடுதலாகச் சேறு அப்பியிருந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய அயர்லாந்தில் மன்னார் முகத்துக்கு வேறென்ன வழி!

அவர் வேலை செய்த பிறம்ரன் கிடங்கை மூடி எட்டு மாதம். மனைவி கிறிஸ்ரினா செத்து இரண்டு வருடம். நிலக்கீழ் அறையில் அவர் வாய் திறந்து கதைத்தது தொலைக்காட்சியோடுதான். இங்கே மூன்று கிழமை வேலை. அதைவிட, மூன்று கிழமைக்கு மனிதர்கள். காலைச் சாப்பாட்டில் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, "சிட், மை ஃபிரெண்ட்" என்றிருந்தான். அந்த ஒரு சொல்லிலேயே கஸ்பருக்கு மனம் நிறைந்துவிட்டது.

நடிகர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தமிழ்ப் பெட்டை மெலிசா கிட்ட வந்தாள்.

"அங்கிள், நீங்கள் ரவுணைப் பிடிக்கப் போறியள். சோல்ஜர்ஸுக்கு ஏற்கெனவே தெரியும், ஒளிச்சு நிக்கினம். பட், அது உங்களுக்குத் தெரியாது. சும்மா நடவுங்கோ."

"ஆர் அவைக்குச் சொன்னது?"

"உங்கட ஆள் ஒருத்தன்தான்."

"எங்கயும் உதுதான்," என்றார் கஸ்பர்.

மேளம் அடித்தது. தாடிக்காரனுக்குப் பக்கத்தில் நடந்தார். குன்றுப் பக்கம் 'டுப்' என்றொரு சத்தம் கேட்டது, பீரங்கி. தெருவில் வெடி கிளம்ப இன்னும் மூன்று விநாடி இருந்தது. மற்றவர்கள் நடந்தார்கள். கஸ்பர் தாடிக்காரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தார். முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், வாயைத் திறந்து, காதைப் பொத்தி. வன்னியில் ஷெல் வரும்போது கிறிஸ்ரினாவை அப்படித்தான் இழுத்து விழுத்துவார்.

"கட்!"

எல்லோரும் சிரித்தார்கள். தாடிக்காரனும் சிரித்தான்.

"அங்கிள், வெடிச்ச பிறகுதான் விழவேணும்."

"வெடிச்ச பிறகு விழுந்து என்ன பிரயோசனம், பிள்ளை?"

இரண்டாந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். 'டுப்'. நினைப்பதற்கு முன்பே உடம்பு விழுந்துவிட்டது, தாடிக்காரனையும் சேர்த்து. அவனுடைய நாடி ஈட்டிக் கம்பில் அடிபட்டு இரத்தம் வந்தது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கஸ்பரைக் காட்டி மெலிசாவிடம் ஏதோ கத்தினான்.

"குறை நினையாதேங்கோ, அங்கிள். உங்களைச் செத்த ஆக்களோட போடச் சொல்லினம்."

"மூண்டு கிழமையும் தானே?"

மெலிசா நிலத்தைப் பார்த்தாள். "மத்தியானம் வரைக்கும்தான். பிறகு டம்மி வரும்."

கஸ்பர் சேற்றில் குப்புறக் கிடந்தார். 'டுப்'. நகங்கள் மண்ணுக்குள் இறங்கின. அசையவில்லை. தலைக்குப் பக்கத்தால் மற்றவர்களின் கால்கள் ஒன்றும் அறியாதவர்கள்போல் நடந்து போயின. வெடித்தது, அவர்களும் விழுந்தார்கள். கை தட்டினார்கள். தாடிக்காரன் எழும்பி, மற்றவர்களோடு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனான். அவருக்கு அழுகை வந்தது.

மத்தியானம் ஒரு வான் வண்டியில் பொம்மைகள் வந்து இறங்கின. ஒரு பெட்டை கஸ்பரின் கோட்டையும் தொப்பியையும் கழற்றி ஒரு பொம்மைக்குப் போட்டு, அவர் கிடந்த பள்ளத்திலேயே அதை மல்லாக்கக் கிடத்தினாள். கஸ்பர் சேட்டோடு குளிரில் நின்று பார்த்தார். பொம்மையின் முகம் வெள்ளையாக இருந்தது. அதற்கு ஒருவரும் சேறு பூசவில்லை.