மாஸ்டரின் வலது கால்

சர்ஃபிங் மாஸ்டரின் காலில் பலகையைப் போட்டது நான்தான். அதுவும் கடலில் இல்லை. கடலில் போட்டிருந்தால் கொஞ்சம் வீரமாகவாவது இருந்திருக்கும். காய்ந்த மணலில், தண்ணீரிலிருந்து நல்ல தூரத்தில் நின்றுகொண்டு போட்டேன்.

என்னைவிட உயரமான பலகை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அலையிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி போஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் சாமான்கள் விற்கும் ஷோரூமில் வேலை பார்ப்பவன் நான். நீளமான பொருளைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் அதன் பின்பக்கமும் கூடவே திரும்பும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது மனைவி கையில் போனுடன், "இங்க பாருங்க" என்றாள். அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முழு உடம்போடு திரும்பினேன். பலகையின் வால் மாஸ்டரின் இடுப்பில் ஒன்று வைத்தது. பதறிப்போய், "ஐயோ, மன்னிச்சிடுங்க மாஸ்டர்!" என்று இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டேன்.

இரண்டு கைகளாலும் கும்பிட்டால் பலகையை யார் பிடிப்பது? அது நேராக அவருடைய வலது காலில் இறங்கியது.

மனைவி ஓடிவந்து மண்டியிட்டு அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள்.

"உடைஞ்சிருக்கா மேடம்?" என்று முனகினார் மாஸ்டர்.

"உடைஞ்சிருக்கா?" என்றேன் நானும்.

"டாக்டர் பார்த்துச் சொல்வாரு."

அவள் வேலை அப்படி. படத்தில் எலும்பு இரண்டாக இருந்தாலும் நாலாக இருந்தாலும், கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் சொந்தக்காரர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் வாய் அப்படிப் பழகிவிட்டது. இரண்டு வீட்டாரும் எங்களைத் தனியே பேச விட்ட அன்று, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "வீட்ல சொல்லிடறேன்" என்றாள். வீட்டில் என்ன சொன்னாளோ, கல்யாணம் நடந்துவிட்டது. தீவுக்குப் படகில் வரும்போது மறுபடியும் கேட்டேன். "படகு ஆடுது, முதல்ல உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

ஊர் திரும்புவதற்குள் அந்த ஒரு பதிலை வாங்கிவிட வேண்டும். நான் இங்கே வந்ததே அதற்காகத்தான். மற்றபடி அலைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆழமான தொட்டிகளை வாடிக்கையாளருக்குக் காட்டும்போதே எனக்கு லேசாகத் தலை சுற்றும்.

விடுதி மேனேஜர் வந்தார். "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டேன்.

"படகு வந்ததும் சார்."

"படகு எப்ப வரும்?"

"அலை அடங்கினதும் சார்."

"அலை எப்ப அடங்கும்?"

"அலை அடங்கிட்டா இந்தத் தீவுக்கு யாரு சார் வருவாங்க?"

மாஸ்டரின் குடிசை பாறை மேட்டில் இருந்தது. இந்தக் காலோடு அவர் அங்கே ஏற முடியாது. மணலை ஒட்டியிருந்த ஒரே குடில் எங்களுடைய தேனிலவுக் குடில்தான். "நம்ம ரூம்லயே இருக்கட்டும்" என்று என் வாய் சொன்னது. மூளை வந்து சேருவதற்குள் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். ரோஜா இதழ்களை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னப்பறவைகள் ஒன்றையொன்று கொஞ்சிக்கொண்டிருந்தன. மனைவி அவற்றில் ஒன்றைப் பிரித்து மாஸ்டரின் காலுக்கு அண்டை கொடுத்தாள். "அசையாதீங்க" என்றாள். மற்றது ஜோடியில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் தரையில் பாய். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தூக்கத்திலும் மாஸ்டர், "முட்டியை மடக்குங்க! எழுந்து நில்லுங்க!" என்று பாடம் நடத்தினார். நான் சில தடவை எழுந்து நின்றுவிட்டேன்.

கால் போனாலும் வகுப்பு போகக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆகவே தினமும் காலையில் மாஸ்டரை நாற்காலியோடு கரைக்குத் தூக்கிப்போக வேண்டும். போட்டவன்தானே தூக்க வேண்டும்? முன்கால்களை மேனேஜர் பிடிப்பார். பின்கால்கள் என் பொறுப்பு. கனம் எப்போதும் பின்னால்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் சட்டை நனைந்துவிட்டது என்று மேனேஜர் விடுதி ஆட்கள் போடும் நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். மறுக்கத் தோன்றவில்லை. என் சனி அந்தச் சட்டையில்தான் ஏறி உட்கார்ந்தது.

"தம்பி, இங்க ஒரு துண்டு" என்றது ஒரு குரல். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ரப்பர் தொப்பியோடு அலை ஏறக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். துண்டு கொடுத்தேன். "என் ரூம்ல குழாய் ஒழுகுது" என்றார். குழாய் ஒழுகுகிறது என்று கேட்டபின் சும்மா இருக்க என் தொழில் விடாது. போய் வாஷர் மாற்றிக் கொடுத்தேன். அதோடு அவர் கணக்கில் நான் விடுதி ஆள் என்று முடிவாகிவிட்டது. தேனிலவுக் குடிலில் ஒரு பெண் இருக்கிறாள். கட்டிலில் ஓர் ஆண் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். அந்தக் கூட்டலுக்கும் டீச்சர் விடை போட்டுவிட்டார்.

"பார்த்துத் தூக்குப்பா, அவரு புது மாப்பிள்ளை" என்றார் மறுநாள்.

"டீச்சர், நான்தான்..."

"நீதான் தூக்கணும். வேற யாரு தூக்குவா?"

உதவிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் பலகையைக் கட்டிப்பிடித்தபடி, "பார்த்துத் தூக்குங்க" என்றாள். சிரிப்பை அடக்குகிறாளா, கடுப்பை அடக்குகிறாளா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு டாக்டர்தான் வர வேண்டும். பிறகு கடலுக்குள் போய், பலகையில் எழுந்து நின்று, கரை வரை சறுக்கி வந்தாள். கரையே கைதட்டியது. எனக்குக் கை காலியாக இல்லை.

புதுமணத் தம்பதிக்குக் கேக் வெட்டும் நிகழ்ச்சி ஒன்றும் எங்கள் பேக்கேஜில் இருந்தது. சாயங்காலம் தண்ணீர் ஓரமாக மேஜை போட்டு, இரும்பு வளைவில் பூச்சுற்றி, எல்லா விருந்தாளிகளையும் டீச்சரே கூட்டி வந்துவிட்டார். நடு நாற்காலியில் மாஸ்டர். பக்கத்தில் என் மனைவி. தூறல் போட்டதால் என் கையில் குடையைக் கொடுத்தார்கள்.

மேனேஜரின் காதில், "சார், மாப்பிள்ளை நான்" என்றேன்.

"தெரியும் சார். ஆனா டீச்சர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இப்பப் போய் மாத்தினா அசிங்கமாயிடும். கேக் வெட்டற வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். குடை பாதி மாஸ்டர் மேல், பாதி மனைவி மேல். மழை முழுக்க என் மேல். மாஸ்டர் கூச்சத்தில் நெளிந்தார். ஆனாலும் கத்தியைக் கையிலிருந்து விடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார் டீச்சர். "உன் புருஷன் எப்படி?"

என் நெஞ்சு அடித்த சத்தத்தில் குடைக்கம்பி ஆடியது. மனைவி மாஸ்டரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து குடையைப் பார்த்தாள். "அவரு..." என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. இத்தனை நாளும் ஒழுங்காக எட்டி நின்ற கடல், கேக்குக்கு வந்த மாதிரி நேராக மேஜைக்கு வந்தது. குடையை வீசிவிட்டு மாஸ்டரைத் தூக்கப் பாய்ந்தேன். பழக்கதோஷம். என் கால் கட்டைவிரல் இரும்பு வளைவில் மோதி, நான் குப்புற விழுந்தேன். நாற்காலி காலியாக மிதந்தது. மாஸ்டர் கேக்கைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு, இரண்டு கால்களாலும் குதிரை மாதிரி ஓடி, குடிலின் படிகளை ஒரே தாவலில் தாண்டி உள்ளே போய்விட்டார்.

"பார்த்தீங்களா!" என்று டீச்சர் உருகினார். "பொண்டாட்டி வாயைத் திறக்கறதுக்குள்ள குணமாயிடுச்சு!"

மனைவி என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றேன்.

"முதல் நாள் வீங்கியிருந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பினா அவரு எந்திரிச்சு ஜன்னலைச் சாத்துவாரு."

"ஏன் சொல்லல?"

"வருஷம் பூரா வந்து போறவங்க அந்தக் கட்டில்ல படுக்கறாங்க, இவரு காலையில எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுக்கறாரு. ஒருநாள்கூட அதுல படுத்ததில்லையாம். தூக்கத்துல உளறினாரு. நாலு நாள் படுத்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

"நான் முதுகு ஒடிய சுமந்தேனே!"

"அதையும்தான் பார்த்துட்டு இருந்தேன்." என் கட்டைவிரலை மெல்ல அழுத்தினாள். எனக்கு வானம் மஞ்சளாகத் தெரிந்தது. "அன்னிக்கு 'இங்க பாருங்க'ன்னு கூப்பிட்டது நான். அதனாலதான் நீங்க திரும்பினீங்க. அதை மேனேஜர்கிட்ட சொல்லுவீங்க, மாஸ்டர்கிட்ட சொல்லுவீங்க, குறைஞ்சது என்கிட்டயாவது சொல்லிக் காட்டுவீங்கன்னு நினைச்சேன். நீங்க சொல்லவே இல்ல."

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் என் பெருமை போய்விடும். அதனால் சொல்லவில்லை. "விரல் உடைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டேன். வரப்போகும் பதில் எனக்கு மனப்பாடம்.

"உடைஞ்சிருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டாமா?"

"அவரு எதுக்கு? எனக்குத் தெரியாதா?"

தூரத்தில் டீச்சர், "தம்பி, துண்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. நீலச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு" என்றாள். "அசையாதீங்க."