சம்பந்தி வீட்டில் மூச்சு

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ரவ்ஷான் மாணவிகளிடம் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "வயித்த விடு. கைக்குழந்தை அழும்போது பாத்திருக்கியா? தொண்டையால தள்ளாத." சொல்லும்போது தன் வயிற்றை மட்டும் உள்ளிழுத்துக்கொண்டு நிற்பாள்.

இன்றைக்கு அதைவிட மோசம். மகன் தாவ்ரெனுக்குப் பெண் கேட்டுத் தராஸ் ஊருக்கு வந்திருக்கிறாள். பெண்ணின் தாய் கனிபா புகைப்படத்தில் ஒல்லியாக இருந்ததால், வெல்வெட் அங்கிக்குள் வயிற்றை அமுக்கும் கொக்கிபோட்ட இறுக்குப்பட்டை. நேரில் பார்த்தால் கனிபா ஒல்லியே இல்லை. படம் பழசு.

விருந்து முடியும் நேரம். ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கையால் ஊட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்கு முன் கனிபா ஒரு பாட்டுப் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ரவ்ஷானின் வாய் மட்டும் தொழிலுக்குப் போய்விட்டது.

"நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. தாடைய மட்டும் கொஞ்சம் தொங்க விடுங்க. வயித்தையும் பிடிச்சு வெச்சிருக்கீங்க."

தாவ்ரென் கண்களை மூடிக்கொண்டான்.

"எங்க ஊர்ல ஆடு வாங்கும்போதுதான் தாடையப் பாப்பாங்க," என்றாள் கனிபா, ஈரல் தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி. "விருந்தாளியும் பாடணுமில்ல? நீங்களே பாடிக் காட்டுங்க."

ரவ்ஷான் எழுந்தாள். இழுத்த மூச்சு நெஞ்செலும்போடு நின்றுவிட்டது. இரண்டாம் வரியில் தோள்கள் காதுவரை ஏறின. குரல் நசுங்கிக் கீச்சிட்டது. மாணவி இப்படிப் பாடினால் முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பாள்.

"வயித்த விடுங்க சம்பந்தி," என்றாள் கனிபா, மிகுந்த மரியாதையோடு.

வீடே சிரித்தது. ரவ்ஷானுக்குக் காது சுட்டது. அப்படி என்னதான் பயம்? இந்த மனுஷிக்குத் தொப்பை தெரிந்துவிடும் என்பதா? குரல் போனாலும் போகட்டும், இடுப்பு போகக்கூடாது என்றல்லவா இத்தனை காலம் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

முதுகைத் திருப்பிக்கொண்டு அங்கிக்குள் கையை விட்டாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்றாள் கனிபா.

"பட்டையக் கழட்டறேன். மூச்சு போக வேண்டாமா?"

கழற்றி மெத்தைமேல் போட்டாள். வயிறு யாரையும் கேட்காமல் முன்னால் வந்து உட்கார்ந்தது. மறுபடி பாடினாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது, கீழ்ச்சுரம் கரகரத்தது. ஆனால் குரல் அவளுடைய முழு அகலத்திலிருந்தும் வந்தது. அது இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கனிபா பட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இது எங்க கெடைக்குது சம்பந்தி? கல்யாணத்துக்கு எனக்கும் ஒண்ணு வேணும்."

அதைப் போட்டால் பாட வராது, அடிவயிற்றுத் தசை இறுகிப்போகும் என்று விளக்க ரவ்ஷான் வாயைத் திறந்தாள். கனிபா வால்கொழுப்பை ஒரு பிடி அள்ளி அந்த வாயில் திணித்தாள்.