சர்புதீன் வீட்டுப் பக்கம் திரும்பிய ஏரியல்

1

இந்தக் கதை எனக்கு வாயைத் திறந்தபடி கிடைத்தது. கூலாய் நகரில் ஒரு பல் கிளினிக்கின் நாற்காலியில் படுத்திருந்தேன். கடைவாய் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். துணைக்கு நின்ற தாதி ஷர்மைன், என் பயத்தைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு, தன் கணவர் செபஸ்தியன் நண்பர் சர்புதீன்மீது ஒரு பழியைப் போட்ட கதையைச் சொன்னார்.

கேட்கக் கேட்கப் பல இடங்களில் எனக்குச் சந்தேகம் வந்தது. குறுக்குக் கேள்வி கேட்க வாய் இல்லை. முக்கியமான இரண்டு இடங்களில் ஷர்மைன் கூடவே இல்லை என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆகவே நீங்களும் சந்தேகப்பட்டுக்கொண்டே படிக்கலாம். எனக்கு வருத்தமில்லை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கோத்தா திங்கியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் செபஸ்தியன் தன்"

(விட்டுவிட்டேன். அந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு மழையில் ஆரம்பித்து வெள்ளத்தில் முடிக்கத்தான் கை போகிறது.)

"சர்புதீனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனாலேயே அவர்"

(இதையும் விட்டுவிட்டேன். அந்த 'அதனாலேயே' என்னும் சொல்லை நான் யோசித்துப் போடவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மனிதர்மீது எனக்கு என்ன கோபம்? நான் அவர் உணவுக் கடையில் ஒரு தே தாரிக் தேநீர்கூடக் குடித்ததில்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். கோத்தா திங்கியில் ஓர் அமெச்சூர் ரேடியோ குழு இருக்கிறது. ஆறு கரை மீறி, கைப்பேசிக் கோபுரங்கள் படுத்துவிட்டால், எந்த வீட்டில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று படகுக்காரர்களுக்குச் சொல்ல இவர்களுடைய வி.எச்.எஃப். ரேடியோதான் மிச்சம் இருக்கும். அதற்குப் பழகிக்கொள்ள தினமும் அந்தி சாயும் நேரத்தில் எல்லாரும் அலைவரிசையில் கூடிப் பேர் சொல்வார்கள். மழைக்காலம் நெருங்கும் சமயத்தில், அந்தக் கூட்டம் தொடங்கியதும் யாரோ ஒருவர் வாயே திறக்காமல் தன் ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வெறும் இரைச்சல்தான். வேறு யாரும் பேச முடியாது. இதே வெள்ளத்தின்போது நடந்தால் ஆள் போய்விடும் என்று குழுத் தலைவர் ரூபேந்திரன் பதறினார்.

யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை செபஸ்தியன் தானாகவே எடுத்துக்கொண்டார்.

3

செபஸ்தியன் பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் கருவிகளைப் பழுது பார்ப்பவர். கை வேலையில் கெட்டிக்காரர். பிவிசி குழாயில், அளக்கும் இரும்பு டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் பொருத்தி, திசை காட்டும் ஏரியல் ஒன்றைச் செய்தார். அதைக் கையில் பிடித்துச் சுற்றிலும் திருப்பினால், எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அதில் ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. பேலன் வைக்கவில்லை.

* பேலன் என்பது ஏரியலும் கேபிளும் சேரும் இடத்தில் வைப்பது. ஏரியலுக்கு இரண்டு கைகள், இரண்டும் சமம். கேபிளிலோ நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல் உறை. சமமான கைகளை இந்தச் சமமில்லாத கேபிளோடு அப்படியே சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், பின்னலின் வெளிப்புறமும் ஏரியலாக வேலை செய்யத் தொடங்கிவிடும். தொங்கும் கேபிளே சத்தத்தை வாங்கிக் கலந்துவிடும். பிறகு ஏரியல் காட்டும் திசையை நம்ப முடியாது. பேலன் அதைத் தடுக்கிறது. பெரிய செலவில்லை. கேபிளையே முடிச்சுக்குப் பக்கத்தில் சில சுற்று சுற்றிக் கட்டினாலும் போதும்.

* இது தெரியாதவர் அல்ல செபஸ்தியன். புதிதாக உரிமம் எடுக்க வருகிறவர்களுக்குப் பேலனைப் பற்றி வகுப்பு எடுத்தவரே அவர்தான். ஆனால் இந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அனுப்பும் ஏரியலுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். கேட்க மட்டும்தானே என்றால் ஏனோதானோ என்று கட்டிவிடுவார்கள். கேட்பதில் தப்பு நடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்ற நினைப்பு.

அன்று மாலை இரைச்சல் வந்தது. செபஸ்தியன் வீட்டு வாசலில் நின்று ஏரியலைத் திருப்பினார். சாலைக்கு அந்தப் பக்கம், கடைவீட்டு வரிசையின் மூலையில், சர்புதீன் உணவகத்தின் மாடி வீட்டுக்கு நேராகச் சத்தம் ஏறியது.

அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும் என்று எழுதப் பார்த்தேன். ஷர்மைன் அப்படிச் சொல்லவில்லை. "நான் அப்பவே நினைச்சேன்" என்றுதான் செபஸ்தியன் சொன்னாராம்.

4

ஏன் நினைத்தார்?

சர்புதீனும் அதே குழுவில் இருப்பவர். செபஸ்தியனுக்கு ரேடியோ ஆசையைப் பிடித்துவைத்தவரே அவர்தான். ஒரே வெள்ளத்தில் ஒரே பள்ளிக்கூட மாடியில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பேசியவர்கள். ஆனால் அந்தி நேரக் கூட்டத்தைச் சர்புதீனுக்குப் பிடிக்காது. கடையில் கூட்டம் அலைமோதும் நேரம் அது. நேரத்தை மாற்றச் சொல்லிப் பல தடவை சண்டை போட்டிருக்கிறார். கடைசித் தடவை ரூபேந்திரனோடு முகம் சிவக்கப் பேசிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகுதான் இரைச்சல் தொடங்கியது.

உறுதிப்படுத்திக்கொள்ள செபஸ்தியன் மோட்டார் சைக்கிளில் பள்ளித் திடலுக்குப் போனார். அங்கே ஏரியலை எடுத்து முதலில் சர்புதீன் வீட்டுப் பக்கமாகப் பிடித்தார். சத்தம் இருந்தது. மற்ற பக்கங்களுக்குத் திருப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

(இந்த வாக்கியத்தை நீங்கள் கவனிக்காமல் போய்விடுவீர்களோ என்று எனக்குச் சந்தேகம். திரும்பப் படியுங்கள்.)

"பாய்கிட்ட நேரா கேட்டுருங்களேன்" என்று ஷர்மைன் சொன்னாராம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்றார் செபஸ்தியன். கேட்காமல் ரூபேந்திரனிடம் சொன்னார். ரூபேந்திரன் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். மறுநாள் காலைக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செபஸ்தியன் எழுந்து சொல்ல வேண்டும், அதன்மேல் உரிம அலுவலகத்துக்குப் புகார் போகும் என்று முடிவானது. புகார் போனால் சர்புதீன் இனி ரேடியோவைத் தொட முடியாது. அவர் கடைக்குச் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளத்தில் அவர் குரலைக் கேட்டுப் படகில் ஏறியவர்கள். அவர்கள் முகத்திலும் அவர் விழிக்க முடியாது.

5

இந்த இடத்தில் என் முதல் வரைவில் சர்புதீனுக்கு ஒரு கள்ளச் சிரிப்பு கொடுத்திருந்தேன். கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்வையால் எடை போடுவதாகவும் எழுதியிருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவரை நான் பார்த்ததே இல்லை. செபஸ்தியனின் மனைவி வாயிலிருந்து கேட்ட கதை, செபஸ்தியன் பக்கமாகவே சாய்ந்து எனக்குள் இறங்கியிருக்கிறது. செய்தி வந்த வழியும் செய்தியில் கலந்துவிடுகிறது. எனக்கும் ஒரு பேலன் வேண்டியிருந்தது.

ஆனால் அடுத்து நடந்ததைச் சிரிப்பில்லாமல் எழுதினாலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை செபஸ்தியன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். போகாமல் நின்றால் பாய் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். ஏரியல் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்தது. சர்புதீன் வெளியே வந்து அதைத் தூக்கிப் பார்த்தார், கேபிள் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"பேலன் போடலியா செபா?"

"கேக்கறதுக்குத்தானே பாய்."

"கேக்கறதுக்கும் போடணும் லா. கேபிள் சுத்தி கட்டிட்டு இன்னொரு தரம் பாரு."

ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வார்த்தை செபஸ்தியன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் வீட்டைக் காட்டும் ஏரியலை மாற்றச் சொல்கிறவர் யார்? குற்றவாளி. நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பாரோ என்று ஒரு கணமும் தோன்றவில்லையா என்று ஷர்மைன் கேட்டதற்கு, தோன்றியது, அதனால்தான் கோபம் அதிகமானது என்றாராம்.

6

முடிவுகள்.

(அ) சர்புதீன்தான் குற்றவாளி. கூட்டத்தில் பிடிபடுகிறார். எழுத எளிது. என் கை அந்தப் பக்கமே போகிறது, அதனாலேயே வேண்டாம்.

(ஆ) இரைச்சல் செபஸ்தியனின் சொந்த ரேடியோவிலிருந்தே வருகிறது. படிக்கிறவர் 'அட' என்று தொடையில் தட்டுவார். ரொம்பச் சாமர்த்தியமாக இருக்கிறது. நான் நம்பவில்லை.

(இ) ஷர்மைன் சொன்னது. சனிக்கிழமை மாலை செபஸ்தியன் பேலன் போட்டார். சர்புதீன் சொன்னதற்காக இல்லை, போட்டாலும் அதே திசையைத்தான் காட்டும் என்று நிரூபித்து நாளை அடித்துப் பேசுவதற்காக. கேபிளை முடிச்சுக்குப் பக்கத்தில் வளையமாகச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, வாசலில் நின்றார். இரைச்சல் வந்தது. மாடி வீட்டுப் பக்கம் பிடித்தார். சத்தம் அடங்கிப் போயிற்று. திருப்பிக்கொண்டே போனார். ஆற்றுக்கு அக்கரைப் பக்கம் ஏறியது. இன்னோர் இடத்திலிருந்து பார்த்து ஆளைப் பிடிக்கலாம் என்று வண்டியை எடுப்பதற்குள் இரைச்சல் நின்றுவிட்டது.

நேராகக் கடைக்குப் போனார். நடந்ததை எல்லாம் சொன்னார். சர்புதீன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். குழுவில் பரவிய பேச்சு அவர் காதுக்கும் வந்து, அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏரியலைத் தூக்கிப் பார்த்தபோதே தெரியும்.

"பேலன் இல்லாம தப்பா காட்டுச்சு, சரி. அது கேபிளோட தப்பு. திடல்ல நின்னப்ப ஏன் மத்த பக்கம் திருப்பிப் பாக்கல?"

சர்புதீன் தட்டை அடுக்கினார்.

"என் ஏரியல் உன் வீட்டக் காட்டியிருந்தா, நான் உன்கிட்டதான் வந்து கேட்டிருப்பேன் செபா."

7

ஞாயிற்றுக்கிழமை. சமூக மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செபஸ்தியன் எழுந்து நின்று, தான் பேலன் போடாமல் அளந்ததையும், ஒரே பக்கம் மட்டும் பிடித்துப் பார்த்ததையும், சர்புதீன் செய்யவில்லை என்பதையும் சொன்னார். எதையும் விடாமல் சொன்னார். அப்படியானால் யார் என்று ரூபேந்திரன் கேட்டார். அக்கரைப் பக்கம், அதற்குமேல் தெரியாது, இனி பெயர் சொல்ல மாட்டேன் என்றார்.

பின்வரிசையில் யாரோ, நேற்று இவன் பாய் கடையிலிருந்து வெளியே வந்ததை நான் பார்த்தேன் என்று முணுமுணுத்தார். மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். புகார் போகவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு அந்த இரைச்சல் வரவே இல்லை. யார் என்று இன்றுவரை தெரியாது. இரைச்சல் நின்றது சர்புதீனுக்கு உதவவும் இல்லை. பயந்துபோய் நிறுத்திவிட்டார் என்று பேசுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். மழை வந்ததும் அவர் குரலை அவர்கள் நம்புவார்களா என்பதும் தெரியாது.

பேசி முடித்த செபஸ்தியன் உட்கார இடம் தேடினார். அவருடைய பழைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார். காலியாக இருந்தது ஒன்றுதான், சர்புதீனுக்குப் பக்கத்தில். அதன்மேல் சர்புதீனின் சாவிக்கொத்து கிடந்தது.

வருகிறவனுக்கு இடம் பிடித்து வைத்ததா, யாரும் பக்கத்தில் வராமலிருக்க வைத்ததா? ஷர்மைனுக்குத் தெரியாது, அவர் மண்டபத்தில் இல்லை. செபஸ்தியனுக்கும் தெரியாது. சர்புதீன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன். செபஸ்தியன் அந்த நாற்காலிக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். சாவியை அவர் எடுக்கலாமா கூடாதா என்று நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன்னால் சர்புதீனிடம் கேட்டுவிடுங்கள்.